மாதவிடாய் நின்றபின் நாடி இறுகுது என்கிறார்கள்: சோயாவா, நடையா?

பாடுமீன் எழுதியது:

வணக்கம். கல்லடியில் இருந்து எழுதுகிறேன். வயது 54, மாதவிடாய் நின்று மூன்று வருடம் முடிந்துவிட்டது. போன கிழமை வீட்டுக்காரரின் சீனி கிளினிக்குக்குத் துணையாகப் போனேன். அவருக்குப் பிரசர் பார்த்து முடித்த பிள்ளை, "அம்மா, நீங்களும் கையைத் தாங்கோ" என்றது. சும்மாதானே என்று நீட்டினேன். 148/82. என் 45 வயதில் வெல் வுமன் கிளினிக்கில் 116/74 என்று எழுதித் தந்த அட்டை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

டொக்டர் குளிசை எழுதவில்லை. உப்பைக் குறையுங்கள், நடவுங்கள், ஒரு மாதம் கழித்து வாருங்கள், மாதவிடாய் நின்றால் நாடி, அதாவது இரத்தக்குழாய், கொஞ்சம் இறுகத்தான் செய்யும் என்று சொல்லி அனுப்பிவிட்டார். பின்னால் வரிசை நீளம், மேற்கொண்டு கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் மூன்று கட்சி. கனடாவில் இருக்கும் மகள் சோயாக் குளிசைப் போத்தல் ஒன்றை ஆள்மூலம் அனுப்பிவிட்டாள். அதில் பெண் ஹோர்மோன் மாதிரி ஒரு சாமான் இருக்கிறதாம், நாடி இறுகாதாம். பக்கத்து வீட்டு மச்சாள், "குளிசைக்கு ஏன் காசைக் கொட்டுறாய், சோயாமீற்றும் அதே சோயாதானே, கிழமைக்கு நாலு தரம் கறி வை" என்கிறா. வீட்டுக்காரர் "நட" என்கிறார். அவர் நடப்பதில்லை என்பது வேறு கதை.

யார் சொல்வதைக் கேட்க?

ஓய்வு நேர்ஸ் எழுதியது:

தங்கச்சி, மூன்று கட்சிக்கும் முன்னால் அந்த 148ஐ விசாரிக்க வேண்டும். வாட்டில் 30 வருடம் பிரசர் பட்டி சுற்றியவள் சொல்கிறேன். நடந்து வந்த களைப்போடு, சட்டைக் கைக்கு மேலே பட்டியைச் சுற்றி, கதைத்துக்கொண்டே எடுத்தால் பத்துப் பதினைந்து புள்ளி சும்மா ஏறும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு இருந்தாலும் ஏறும்.

மெஷின் ஒன்று இரவலாவது வாங்குங்கள். கட்டுகிற இடம் மேற்கையாக இருக்க வேண்டும், மணிக்கட்டு மெஷின் வேண்டாம். காலையில் தேத்தண்ணீர் குடிக்க முதல், முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் நிலத்தில் படிய, ஐந்து நிமிடம் வாய் திறக்காமல் இருங்கள். கையை மேசையில் நெஞ்சு உயரத்துக்கு வையுங்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தரம். இரவிலும் அப்படியே. ஒரு கிழமை எழுதி, முதல் நாள் கணக்கை விட்டு மற்றதைச் சராசரி பாருங்கள். வீட்டில் எடுக்கிற சராசரி 135/85க்கு மேலே நின்றால்தான் அது பிரசர்.

படுவான்கரையான் எழுதியது:

எனக்கு மருத்துவம் தெரியாது, வாட்டர் பம் தெரியும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிற குழாய் புதிதாக இருக்கும்போது, பம் தட்டினவுடன் கொஞ்சம் உப்பும், பிறகு சுருங்கும். வாயில் தண்ணீர் ஒரே சீராக விழும். அதே குழாய் இரண்டு போகம் வெயிலில் கிடந்து விறைத்துவிட்டால், ஒவ்வொரு தட்டுக்கும் சாரைப்பாம்பு மாதிரித் துள்ளும், பொருத்தில் சீறும், தண்ணீர் விட்டு விட்டுப் பாயும். பம் அதே பம்தான். பழுது குழாயில்.

டொக்டர் சொன்ன "நாடி இறுகுது" இதுதானோ என்று ஒரு யோசனை. பிழையென்றால் நேர்ஸ் அக்கா திருத்தட்டும்.

ஓய்வு நேர்ஸ் எழுதியது:

தம்பி, திருத்த ஒன்றுமில்லை. இதயத்திலிருந்து புறப்படுகிற பெருநாடி, ஒவ்வொரு துடிப்புக்கும் உப்பி, பிறகு தானே சுருங்கி இரத்தத்தை முன்னுக்குத் தள்ளுகிறது. அந்தச் சுருக்கம்தான் பிரசரின் கீழ் இலக்கத்தைத் தாங்கிப் பிடிக்கிறது. குழாய் விறைத்தால் மேல் இலக்கம் எகிறும். கீழ் இலக்கம் அந்தளவு ஏறாது, வயது போகப் போக இறங்கக்கூடச் செய்யும்.

பாடுமீனின் அட்டையைப் பாருங்கள். மேல் இலக்கம் 32 ஏறியிருக்கிறது, கீழ் இலக்கம் 8தான். அன்றைக்கு இரண்டுக்கும் இடைவெளி 42, இன்றைக்கு 66. டொக்டர் அதைப் பார்த்துத்தான் அந்த ஒரு வரியைச் சொல்லியிருப்பார்.

மாதவிடாய் நிற்பதோடு இதற்கு என்ன தொடர்பு என்றால், ஈஸ்ட்ரோஜன் கர்ப்பப்பைக்கு மட்டும் வேலை செய்கிற ஹோர்மோன் அல்ல. நாடியின் உட்சுவர் நைட்ரிக் ஒக்சைட் என்ற வாயுவை விட்டுத்தான் குழாயைத் தளர்த்துகிறது. 1998 நோபல் பரிசு அந்தக் கண்டுபிடிப்புக்குத்தான். அந்த வாயு சுரக்க ஈஸ்ட்ரோஜன் துணை. அது போனதும் நாடி தளர்வது குறைகிறது, கெட்ட கொலஸ்ரோலும் ஏறுகிறது. 50 வயது மட்டும் ஆம்பிளைகளுக்குத்தான் மாரடைப்பு என்று இருந்துவிட்டு, அதற்குப் பிறகு எங்களுடைய ஆட்கள் ஒவ்வொருவராக வாட்டுக்கு வருவதைக் கண்ணால் கண்டவள் நான்.

பச்சை இலை எழுதியது:

சோயா என்பதே வெளிநாட்டுக்காரன் எங்கள் தலையில் கட்டினது. பொம்பிளைகளுக்கு மார்புப் புற்றுநோய் வரும், ஆம்பிளைகளுக்கு மார்பு வளரும். முருங்கை இலைச் சுண்டல் சாப்பிடுங்கள், போதும்.

ராத்தா காத்தான்குடி எழுதியது:

முருங்கை இலை நல்லதுதான், வாப்பா வீட்டு வளவில் மூன்று மரம் நிற்குது. அதுக்காகச் சோயாவை ஏன் திட்டுறீங்க? என்னுடைய நாலு பிள்ளைக்கும் வயிற்றில் இருக்கும்போது திரிபோஷா உருண்டைதான் பிடித்துச் சாப்பிட்டேன். சோளமும் சோயாவும்தானே அது. இந்த நாட்டில் திரிபோஷா திங்காத தாய் யார்?

வாசிப்பவன் எழுதியது:

கல்முனையில் இருந்து. ஆய்வுகூட வேலை, வாசிப்பது பழக்கம், கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகள் சொன்ன "பெண் ஹோர்மோன் மாதிரி சாமான்" ஐசோஃபிளேவோன். சோயாவில் முக்கியமாக ஜெனிஸ்டீன், டெய்ட்சீன் என்ற இரண்டு. உருவம் ஈஸ்ட்ரோஜனுக்குக் கிட்டவானது, ஆனால் பலம் மிகக் குறைவு. ஈஸ்ட்ரோஜன் போய் ஒட்டுகிற பூட்டு உடம்பில் இரண்டு வகை. மார்பிலும் கர்ப்பப்பையிலும் அல்பா வகை பெரிய வேலை செய்கிறது. நாடிச் சுவரில் பீட்டா வகையும் உண்டு. சோயாச் சாமான் பீட்டாவில்தான் நன்றாக ஒட்டும். பச்சை இலை ஐயா சொல்கிற பயம் தொடங்கியது ஹோர்மோன் என்ற அந்தச் சொல்லில்தான். அளவாகச் சோயா உணவு சாப்பிட்ட பெண்களில் மார்புப் புற்றுநோய் கூடியதாக ஆய்வுகள் காட்டவில்லை. அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கமும் உணவாகச் சாப்பிடுவதைப் பயப்படத் தேவையில்லை என்றுதான் சொல்கிறது. செறிவாக்கிய குளிசைக்கு அதே உத்தரவாதம் இல்லை. அந்த வித்தியாசத்தைக் கவனியுங்கள்.

சரி, நாடிக்கு வேலை செய்கிறதா? 1999இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம் இதய நோய் அபாயத்தைக் குறைக்கலாம் என்று பக்கெற்றில் எழுத அனுமதித்தது. சோயாச் சந்தை கொழுத்தது. 2006இல் அமெரிக்க இதயச் சங்கம் எல்லா ஆய்வையும் கூட்டிப் பார்த்து, கெட்ட கொலஸ்ரோல் குறைவது ஏறத்தாழ 3 சதவீதம்தான் என்றது. 2017இல் அதே நிர்வாகம் தன் அனுமதியைத் திரும்பப் பெற யோசனை வைத்தது.

நாடியையே நேராகப் பார்த்த பெரிய ஆய்வு 2011இல் வந்தது. மாதவிடாய் நின்ற 350 பெண்கள், நாளுக்கு 25 கிராம் சோயாப் புரதம், ஏறத்தாழ இரண்டே முக்கால் வருடம். கழுத்து நாடிச் சுவர் தடிப்பதை ஸ்கேனில் அளந்தார்கள். சோயா எடுத்தவர்களில் தடிப்பு 16 சதவீதம் மெதுவாக இருந்தது. ஆனால் அது தற்செயலாகவும் வரக்கூடிய அளவு, ஆகவே நிரூபணம் இல்லை. அதற்குள் ஒரு சங்கதி: மாதவிடாய் நின்று ஐந்து வருடத்துக்குள் இருந்த பெண்களை மட்டும் பிரித்தால் 68 சதவீதம் மெதுவாக இருந்தது. பிரித்துப் பார்த்த சிறு கூட்டம் என்பதால் நானும் அதைக் கொண்டாட மாட்டேன். ஆனால் பாடுமீன் அக்காவுக்கு மூன்று வருடம்தானே ஆகிறது. அதனால் சொன்னேன்.

ராத்தா காத்தான்குடி எழுதியது:

தம்பி, இவ்வளவு எழுதினீங்க, கறிக்கு எத்தனை பக்கெற் என்று சொல்லவில்லையே.

வாசிப்பவன் எழுதியது:

மன்னிக்க வேண்டும் ராத்தா. காய்ந்த சோயாமீற்றில் ஏறத்தாழ பாதி புரதம். 25 கிராம் புரதம் என்றால் 50 கிராம் காய்ந்த சோயாமீற். 90 கிராம் பக்கெற் ஒன்றை ஐந்து பேருக்குக் கறி வைத்தால் ஆளுக்கு 9 கிராம் புரதம்தான் போகும். ஆய்வில் எடுத்த அளவுக்கு அக்கா ஒருத்தியே நாளுக்கு அரைப் பக்கெற்றுக்கு மேல் சாப்பிட வேண்டும். தினமும்.

ஓய்வு நேர்ஸ் எழுதியது:

அந்தப் பக்கெற்றுக்குள் இருக்கிற சின்னப் பக்கெற்றைப் பற்றி ஒருத்தரும் கதைக்கவில்லை. சுவைத்தூள். அதைப் பிரித்து ஒரு விரல் நக்கிப் பாருங்கள். முக்கால்வாசி உப்பும் சுவையூட்டியும். அதைக் கொட்டி, மேலே ஒரு கரண்டி உப்புப் போட்டு, தேங்காயின் முதற்பாலும் விட்டு இறக்கிவிட்டு, பிரசருக்கு மருந்து சாப்பிட்டேன் என்று சொல்லக் கூடாது. ஒரு நாளைக்கு 5 கிராம் உப்புக்குள் நிற்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். ஒரு தேக்கரண்டியளவுதான் அது. எங்கள் பக்கத்தில் கருவாடும் ஊறுகாயும் மட்டுமே அதை முடித்துவிடும்.

படுவான்கரையான் எழுதியது:

அக்கா கருவாட்டில் கை வைத்துவிட்டீர்கள். இனி இந்த இழை உருப்படாது.

பாடுமீன் எழுதியது:

நேற்றுச் செய்து பார்த்தேன். சோயாமீற்றைச் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று தரம் பிழிந்தேன். மண்ணிறமாக நுரை நுரையாக வருகிறது. சின்னப் பக்கெற்றை எடுத்து வைத்துவிட்டேன். வெங்காயம், உள்ளி, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை, பச்சை மிளகாய் போட்டு வதக்கி, மிளகாய்த்தூள் கொஞ்சம் கூட்டி, கடைசியில் தேசிக்காய்ப் புளி. வீட்டுக்காரர் வாயில் வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் தரம் போட்டுக்கொள்ளவும் இல்லை.

வாசிப்பவன் தம்பி, சோயாவை விட்டுவிடு என்கிறீரா, சாப்பிடு என்கிறீரா?

வாசிப்பவன் எழுதியது:

இறைச்சிக்கும் பொரித்த மீனுக்கும் பதிலாக என்றால் சாப்பிடுங்கள். மேலதிகமாக என்றால் வேண்டாம். 2007இல் ஒரு ஆய்வு, மாதவிடாய் நின்ற 60 பெண்கள், எட்டுக் கிழமை. உப்பில்லாமல் வறுத்த சோயா அவரை நாளுக்கு அரைக் கப், வேறு புரத உணவுக்குப் பதிலாக. பிரசர் இருந்த பெண்களுக்கு மேல் இலக்கம் ஏறத்தாழ 10 சதவீதம் இறங்கியது, இல்லாதவர்களுக்கு 5 சதவீதம். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் அந்தப் பிரசர்காரப் பெண்கள் மொத்தம் 12 பேர். எங்கள் தெருவில் ஒரு பிறந்தநாளுக்கு அதைவிடக் கூட ஆள் வரும். "உப்பில்லாமல்", "பதிலாக" என்ற இரண்டு சொல்லையும் பிடித்துக்கொண்டால் போதும்.

இன்னொன்று. டெய்ட்சீனை ஈக்வோல் என்ற பலமான சாமானாக மாற்றுவது குடலில் இருக்கிற கிருமிகள். அந்தக் கிருமி எல்லார் குடலிலும் இல்லை. யப்பான், கொரியா, சீனா பக்கம் பாதிப் பேருக்கும் கொஞ்சம் கூட உண்டு, மேற்கு நாட்டவரில் நாலில் ஒருவர் அல்லது மூவரில் ஒருவர். ஒரே கறி, இரண்டு வயிறு, இரண்டு பலன். ஆய்வுகள் ஒன்றோடொன்று சண்டை பிடிக்க அதுவும் ஒரு காரணம்.

ராத்தா காத்தான்குடி எழுதியது:

ஒரு விசயம் கட்டாயம் சொல்ல வேணும். எனக்குத் தைரொயிட் குளிசை ஏழு வருடமாக. ஒரு காலம் காலையில் குளிசையோடு சோயாப் பால் குடித்துக்கொண்டு இருந்தேன், உடம்புக்கு நல்லது என்று. இரத்தம் சோதித்தால் அளவு ஒவ்வொரு தரமும் பிழை. குளிசையைக் கூட்டினார்கள், பிறகும் பிழை. கடைசியில் ஒரு டொக்டர்தான், "காலையில் என்ன குடிக்கிறீங்க?" என்று கேட்டார். சோயா அந்தக் குளிசையைக் குடலில் உறிஞ்ச விடாதாம். வெறும் வயிற்றில் குளிசை, சோயா நாலு மணித்தியாலம் கழித்து. இப்ப சரி. ஆனா இரண்டு வருடம் வீணாய்ப் போச்சு, சும்மா களைப்பும் மலச்சிக்கலும். கேட்காதவங்க பிழையா, சொல்லாத என் பிழையா, அது இன்னும் எனக்கு விளங்கவில்லை.

பீரீ ரீச்சர் எழுதியது:

களுவாஞ்சிகுடி. பள்ளிக்கூடத்தில் உடற்கல்வி படிப்பித்து இப்போது பென்ஷன். சோயாவில் இரண்டு பக்கம் போய்விட்டது, நடை என்ற சொல் முதல் பதிவோடு காணாமல் போய்விட்டது. சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பது எவ்வளவு சுகம் பாருங்கள்.

பாடுமீன் அக்கா, கிழமைக்கு 150 நிமிடம் என்பது பொதுக் கணக்கு. அரை மணித்தியாலம், ஐந்து நாள். எந்த வேகம் என்று கேட்பார்கள். நடக்கும்போது கதைக்க ஏலும், ஆனால் பாட ஏலாது, அந்த வேகம். பாடுமீன் பாட்டை நிறுத்துகிற வேகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைத்தெருவில் அன்ரிமாரைக் கண்டு நின்று கதைக்கிற நடை கணக்கில் இல்லை.

அதோடு கிழமைக்கு இரண்டு நாள் தசைக்கு. ஜிம் வேண்டாம். சாப்பாட்டு மேசைக் கதிரையில் இருந்து கையூன்றாமல் எழும்புங்கள், இருங்கள், எழும்புங்கள். பத்துத் தரம். சுவரில் கை வைத்துத் தள்ளுங்கள். ஆனால் எழும்பும்போது மூச்சை விடுங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பாரம் தூக்கினால் பிரசர் அந்த நேரத்தில் பயங்கரமாக எகிறும். கிணற்றடியில் வாளியைப் பல்லைக் கடித்துத் தூக்குகிற பழக்கம் எங்களுக்கு உண்டு, அதுதான் சொல்கிறேன்.

படுவான்கரையான் எழுதியது:

வாசிப்பவன் ஐயா, சோயாவுக்கு அத்தனை ஆதாரம் கேட்டீர். நடைக்கு மட்டும் சும்மா விடுவீரா?

வாசிப்பவன் எழுதியது:

நியாயம். 2001இல் ஒரு சின்ன ஆய்வு, மாதவிடாய் நின்ற 24 பெண்கள், பிரசர் எல்லையில் நின்றவர்கள். ஒரு கூட்டம் வழமையான அலுவலோடு நாளுக்கு 3 கிலோமீற்றர் மேலதிகமாக நடந்தது. 12 கிழமையில் மேல் இலக்கம் 6 இறங்கியது, 24 கிழமையில் மொத்தம் 11. சாப்பாட்டை மாற்றவில்லை. இன்னொரு ஆய்வில் மூன்று மாதம் நடந்த பெண்களின் கழுத்து நாடி முன்பைவிட நன்றாக இளகிக் கொடுத்தது.

ஆனால் ரீச்சர் கோபிக்கக் கூடாது, இதிலும் ஒரு முடிச்சு உண்டு. நடை நாடியின் உட்சுவரைத் திருத்துகிறதா என்று 2013இல் வந்த ஒரு ஆய்வில் பார்த்தார்கள். 12 கிழமை நடந்தும், ஈஸ்ட்ரோஜன் எடுக்காத பெண்களில் அந்த உட்சுவர் வேலை மாறவில்லை. ஈஸ்ட்ரோஜன் கொடுத்த கூட்டத்தில் திருந்தியது. அதாவது அதே நடை ஆம்பிளைகளுக்குக் கொடுக்கிற முழுப் பலனையும் ஹோர்மோன் நின்ற பெண்ணுக்குக் கொடுப்பதில்லை. குழாய் இளகுகிறது, பிரசர் இறங்குகிறது, ஆனால் உள்பூச்சு அப்படியே கிடக்கிறது. சோயாவும் நடையும் சேர்ந்தால் அந்த இடைவெளியை நிரப்புமா என்றுதான் ஆட்கள் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

அதுக்காக ஹோர்மோன் குளிசை கேட்டு ஓடவும் வேண்டாம். 2002இல் அமெரிக்காவில் பெரிய ஆய்வு ஒன்றை இடையில் நிறுத்தினார்கள். இரண்டு ஹோர்மோன் சேர்ந்த குளிசையில் மார்புப் புற்றுநோயும் இதய வருத்தமும் கூடியதால். அது வைத்தியரோடு இருந்து கதைக்கிற விசயம்.

தாழங்குடா மருமகள் எழுதியது:

இடையில் ஒரு கேள்வி. எனக்கு 49. இரவில் திடீரென்று உடம்பு கொதிக்கிறது, பாயே நனைகிறது. சோயா இதற்கு நல்லதாமே?

மட்டுறுத்துநர் எழுதியது:

தங்கச்சி, அதற்குத் தனி இழை தொடங்குங்கள், இங்கே போட்டால் காணாமல் போய்விடும்.

ராத்தா காத்தான்குடி எழுதியது:

நடை நடை என்று எல்லாரும் எழுதுறீங்க. எங்கே நடக்க? விடியக் கல்லடிப் பாலத்துக்குப் போய் வாவிக் காற்று வாங்க எல்லாருக்கும் வாய்க்குமா? எங்கட தெருவில் வீட்டுக்கு வீடு தலை நீட்டி, "என்ன ராத்தா, அவசரமா எங்கே?" என்று கேட்பார்கள். நான் சுபஹ் தொழுதிட்டு வளவுக்குள்ளேயே சுற்றுறேன். கிணற்றடியில் தொடங்கி மாமரம், மதில், பின் வாசல், திரும்பக் கிணற்றடி. 62 எட்டு. நாற்பது சுற்று. முதல் கிழமை தலை சுற்றினது. கோழிகள் இப்ப வழி விடப் பழகிட்டுது.

பீரீ ரீச்சர் எழுதியது:

ராத்தா, இருபது சுற்று ஒரு பக்கம், இருபது சுற்று மறுபக்கம் நடவுங்கள். தலை சுற்றாது, ஒரு முழங்காலில் மட்டும் பாரமும் விழாது.

(பன்னிரண்டு கிழமைக்குப் பிறகு)

பாடுமீன் எழுதியது:

மறந்துபோய்விட்டீர்களா? திரும்பி வந்திருக்கிறேன், கணக்கோடு.

நேர்ஸ் அக்கா சொன்னபடி ஒரு கிழமை வீட்டில் எடுத்தபோது சராசரி 143/81. ஆக கிளினிக் மெஷின் முழுப் பொய் சொல்லவில்லை. குளிசைப் போத்தலைக் கொண்டுபோய் டொக்டரிடம் காட்டினேன். இப்போதைக்கு வேண்டாம், உணவாகச் சாப்பிடுங்கள் என்றார். மகள் இரண்டு நாள் போன் எடுக்கவில்லை.

சோயா அவரை ஒரு கிலோ வாங்கினேன். முதல் தரம் ஊறப்போடாமல் சட்டியில் கொட்டி வறுத்தேன், கச்சான் வறுக்கிற மாதிரி. வெளியே கருகி, உள்ளே பச்சை வாசம், கடித்தால் வாவிக்கரைக் கல்லு. எல்லாம் குப்பைக்குப் போனது. பிறகு இரவு முழுக்க ஊறவைத்து, தோல் கழற்றி, அவித்து, துடைத்துக் காயவைத்து, மெல்லிய நெருப்பில் வறுத்தால்தான் மொறுமொறுப்பு வருகிறது. மிளகுத்தூள் மட்டும். பின்நேரம் தேத்தண்ணீருக்கு ஒரு கைப்பிடி, றோல்சுக்கும் மிக்சருக்கும் பதிலாக. சோயாமீற் கிழமைக்கு இரண்டு தரம், சின்னப் பக்கெற் இல்லாமல். கருவாடு மாதத்துக்கு ஒரு தரம் (படுவான்கரையான் மன்னிக்கவும்).

நடை: வீட்டில் இருந்து கடற்கரை, அங்கிருந்து தெற்கே கொஞ்சத் தூரம், திரும்பி வீடு. போனில் அளந்தேன், 3 கிலோமீற்றரும் கொஞ்சமும். கச்சான் காற்று அடித்த நாட்களில் மணல் முகத்தில் அடித்து நிற்க ஏலாது, அப்போது உள்தெரு. பன்னிரண்டு கிழமையில் நான் தவறவிட்டது 17 நாள். வீட்டுக்காரர் மூன்றாம் கிழமை என்னோடு வந்தார், நாலாம் கிழமை சப்பாத்துக் கடித்துவிட்டது என்றார்.

இந்தக் கிழமைச் சராசரி 134/79. கெட்ட கொலஸ்ரோல் 146 இருந்தது 140.

வாசிப்பவன் எழுதியது:

அக்கா, சந்தோசம். ஆனால் என் குணம் தெரியும்தானே. 143 எப்படி 134 ஆனது என்று கேட்டால் சொல்ல ஏலாது. உப்பு, நடை, சோயா, றோல்ஸ் நிறுத்தியது, மெஷின் பழகியது, ஐந்தும் ஒரே நேரம். கொலஸ்ரோல் 6 புள்ளி இறங்கியது சோயாக் கணக்குக்குப் பொருந்துகிறது, ஆனால் ஒரு ஆளின் இரண்டு இரத்தச் சோதனைக்கு இடையில் அந்தளவு சும்மாவே மாறும்.

ஓய்வு நேர்ஸ் எழுதியது:

தம்பி, நீர் ஒரு கலியாண வீட்டுக்குப் போனாலும் பந்தலின் கால் கோணல் என்றுதான் சொல்லுவீர்.

தங்கச்சி, 134 என்பது கோட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. இடைவெளி 62இல் இருந்து 55. டொக்டர் சொன்ன தவணைக்குப் போவதை விடாதீர்கள், நன்றாக இருக்கிறது என்று கொப்பியை மூடி வைக்கிற ஆட்கள்தான் பிறகு வாட்டில் வந்து படுப்பது.

படுவான்கரையான் எழுதியது:

வறுத்த சோயா அவரை வீட்டில் செய்து பார்த்தோம். மனைவிக்குப் பிடித்துவிட்டது. எனக்கு வயிறு இரைச்சல், வயலில் தனியாக நிற்பதால் யாருக்கும் தொந்தரவு இல்லை.

ராத்தா காத்தான்குடி எழுதியது:

பாடுமீன், மாரி தொடங்கப் போகுது. மழைக்குக் கடற்கரைப் பக்கம் என்ன செய்யப் போறீங்க?

பாடுமீன் எழுதியது:

அதைத்தான் யோசிக்கிறேன் ராத்தா. நேற்றே தெரு முழங்கால் மட்டும் தண்ணீர். சாப்பாட்டு மேசையைச் சுவரோடு தள்ளிவிட்டு வீட்டுக்குள் சுற்றினேன். விறாந்தை, மண்டபம், குசினி, திரும்ப விறாந்தை. 31 எட்டு. உங்கள் வளவில் பாதி. வீட்டுக்காரர் செய்தி பார்க்கிற கதிரை நடுவில் நிற்கிறது, ஒவ்வொரு சுற்றுக்கும் கால் மடக்கி வழி விடுகிறார்.